மூடி விழுந்த காலை

"பாஸ், இந்த ஊர்க் காத்துல எண்ணெயே இல்லாம வடை சுடலாம் போலருக்கு."

கிள்ளான் பாலத்தைத் தாண்டியதும் விமலன் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சொன்னான். இரண்டு வாரமாகச் சூரியன் ஊறப்போட்ட அப்பளம் மாதிரி வெளிறிப்போய்க் கிடந்தது. சுமத்ராவில் காடு எரிந்தது. இங்கே தொண்டை எரிந்தது.

பக்கத்து சீட்டில் சீதாலெட்சுமி சிரிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். அதற்கு முன் பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில், செத்தவன் உண்மையிலேயே செத்தானா என்று பார்க்கிற வேலை. விமலன் அவருக்கு டிரைவர், உதவியாளர், எதிர்வீட்டுக் காக்கா எல்லாமே. கேட்காமலே கத்துவான்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க, திரும்பச் சொல்லு."

"எத்தனை தடவ பாஸ்?"

"சொல்லு."

அன்று காலையில்தான் பவுனம்மாள் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி வந்திருந்தார். கணவர் இராமலிங்கம், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், ஆஸ்துமா நோயாளி. போன வாரம் ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். ஹேஸ் என்னும் புகைமூட்டம் தாங்காமல் போய்விட்டார் என்று டாக்டரும் சொன்னார், ஊரும் சொன்னது.

விமலன் பவுனம்மாளின் குரலிலேயே சொன்னான். "'ஹேஸ் வந்தா ஜன்னல் பக்கமே போகாத மனுஷம்மா அவரு. அன்னிக்கு ஜன்னலை அகலத் தொறந்து வெச்சு, பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்த மேனிக்குப் போயிருந்தாரு. ஏன் தொறந்தாரு? அத மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க.'"

"அவ்வளவுதான் கேஸு," என்றார் சீதாலெட்சுமி. "ஒரு ஜன்னல் ஏன் தொறந்துச்சு."

"தொறந்தவரைக் கேக்க முடியாது. ஜன்னலைத்தான் கேக்கணும்."

செரி மெலாத்தி பிளாட் பதினைந்து மாடி. காப்பார் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பெரிய லொங்காங்கின் கரையில் நின்றது. பெயர்தான் சாக்கடை, மழைக்காலத்தில் படகே விடலாம். அதற்கு அந்தப்பக்கம் செம்பனைத் தோட்டம், வரிசை வரிசையாக, பகலிலேயே இருட்டாக.

நேராகப் பவுனம்மாள் வீட்டுக்குப் போவார் என்று விமலன் நினைத்தான். அவரோ லிப்டுக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள், பாசாரில் காய்கறி வாங்கி வருகிறவர்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது.

"சாப்பிடு. சாப்பிட்டுக்கிட்டே காதைத் தீட்டிக்க. என்ன கேக்குது?"

"லிப்டு முனகுற சத்தம். ஆயில் போட்டு ஒரு மாமாங்கம் ஆயிருக்கும்."

"அப்புறம்?"

"இருமல்."

"எங்கேருந்து?"

விமலன் மெல்லுவதை நிறுத்தினான். லிப்டின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் இருமவில்லை. ஓர் ஆள் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டுகூட இருந்தான். இருமல் படிக்கட்டிலிருந்து வந்தது. ஒரு பையன் இருமிக்கொண்டே ஏறினான். அவன் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா கைப்பிடியைப் பிடித்து நின்று இருமினார். இன்னும் மேலே, கண்ணுக்குத் தெரியாத யாரோ.

"இருமல் படியில ஏறுது பாஸ். லிப்டுல ஏறல."

"லிப்டுக்குக் காத்து நிக்கிறது யாரு?"

"மேல் மாடிக்காரங்க."

"படி ஏறுறது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணாம் மாடி. லிப்டுக்கு நிக்கிற நேரத்துல போய்ச் சேந்துரலாம்னு..." சொல்லும்போதே விமலனின் கையில் வடை ஆறிப்போன மாதிரி இருந்தது.

"சுமத்ராவிலேருந்து கடல் தாண்டி வர்ற புகை, பிளாட்டுக்கு வந்ததும் மாடி நம்பர் பாத்தா நுழையும்?"

சற்று முன் சிரித்த ஆளின் சிரிப்புச் சத்தம் லிப்டோடு மேலே போய் மறைந்தது. படிக்கட்டில் இருமல் நிற்கவேயில்லை.

பவுனம்மாளின் வீடு தரைத்தளத்தில், லொங்காங்கைப் பார்த்தபடி இருந்தது. இராமலிங்கத்தின் நாற்காலி அதே இடத்தில் கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"என்னிக்கெல்லாம் நெஞ்சை அடைக்கும்மா உங்களுக்கு?" சீதாலெட்சுமி கேட்டார். "ஹேஸ் ரொம்ப இருக்கிற அன்னிக்கா?"

"அதான் எனக்கும் வெளங்கல. மழை பெஞ்சா நல்லாருக்கும். காத்து அடிச்சாலும் பரவால்ல. மத்தியானம் வெயிலு கொளுத்தும் பாருங்க, அப்பக்கூட ஒண்ணும் பண்ணாது. ராவுல வானம் வெளுத்து நச்சத்திரம் தெரியும். இலை அசையாது. விடியக்காலம் குளுகுளுன்னு, கேமரன் மலை மாதிரி இருக்கும். ஆஹா, நல்ல காலம்னு நெனைப்போம். அன்னிக்குத்தான் வயரு பொசுங்குன மாதிரி ஒரு நாத்தம் வந்து நெஞ்சுல ஏறி உக்காந்துக்கும். அவரு போனதும் அப்பேர்ப்பட்ட காலையிலதான்."

"வயர் பொசுங்குற நாத்தமா?"

"தோட்டத்துக்குள்ள ஒரு கொட்டாய் இருக்கு. அங்க ஏதோ எரிக்கிறானுங்கன்னு இவரு எத்தனையோ தடவ புகார் குடுத்தாரு. கவர்மெண்டு ஆளுங்களும் வந்து பாத்தாங்க. பகல்லதான் வருவாங்க. வந்தா ஒண்ணும் இருக்காது."

"அன்னிக்கு ஏன் ஜன்னலைத் தொறந்தாரு, ஒங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் வருதா?"

பவுனம்மாள் போனை எடுத்து நீட்டினார். பிளாட்டின் வாட்ஸ்அப் குழு. தினமும் காலையில் ஒரே மாதிரி செய்தி. சில நாள் சிவப்பு வட்டம்: காற்று மோசம், ஜன்னலைச் சாத்துங்கள். சில நாள் மஞ்சள். இராமலிங்கம் இறந்த அன்று பச்சை. கூடவே ஒரு சிரித்த முகம். 'இன்று காற்று மிக நன்று. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.'

"யாரு போடுறது?"

"நம்ம செகரட்டரி கமலநாதன் தம்பிதான். மேல மாடியில மெஷின் வெச்சிருக்கு. இந்த ஹேஸ் நேரத்துல அந்தத் தம்பி மட்டும் இல்லேன்னா நாங்கள்லாம்..." அவர் கைகூப்பினார். "அன்னிக்கு அவரு பேருக்கே தனியா போன் பண்ணிச் சொன்னுச்சு. 'சார், இன்னிக்கு அருமையான காத்து, ஜன்னலோரம் உக்காருங்க'ன்னு. அவ்வளவு பாசம்."

வெளியே வந்ததும் விமலன் காரை நிழலுக்கு மாற்றப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஒரு துப்பறியும் ஆணவம் தெரிந்தது.

"பாஸ், மோட்டார் சைக்கிள் கொட்டாயில ஒரு தூண்ல வெள்ளையா ஒரு டப்பா மாட்டியிருக்கு. சின்னதா பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு. சாமி படமா இருக்குமோன்னு கும்புட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா தெர்மாமீட்டர்."

"தொட்டியா?"

"கும்புட்டதோட சரி."

பதின்மூன்றாம் மாடியில் கமலநாதன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, பல் விளம்பரத்துக்குப் போகலாம் போன்ற சிரிப்பு. பழைய கட்டடங்களுக்கு வயரிங் மாற்றித் தரும் கான்ட்ராக்டராம். இராமலிங்கத்தைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்.

"எனக்கு அப்பா மாதிரி மேடம். அன்னிக்கு நானே போன் பண்ணி... சரி, வாங்க, மெஷினைக் காட்டுறேன்."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் ஒரு வெள்ளை டப்பா. கீழே பார்த்ததன் உடன்பிறப்பு.

"காத்துல இருக்கிற தூசியைக் காட்டும். சூடும் காட்டும். பொய்யே சொல்லாது மேடம்."

"கீழ சைக்கிள் கொட்டாய்லயும் ஒண்ணு பாத்தோமே," என்றான் விமலன்.

ஒரு நொடி அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றது. "அதுவா, பழசு. ரொம்ப நாளா ரோசாக் லா, ஓடாது. கழட்ட நேரமில்ல."

லைட்டு மினுக்கியது என்று சொல்ல விமலன் வாயைத் திறந்தான். சீதாலெட்சுமி செருப்பு நுனியால் அவன் பாதத்தை மிதித்தார்.

கிளம்பும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார். "நாளைக்கு விடியக்காலை அந்தத் தோட்டத்துக் கொட்டாய்க்குப் போறோம் சார். எரிக்கிறப்பவே கையோட புடிக்கணும்."

"நல்ல காரியம் மேடம். ஜாக்கிரதை."

லிப்டில் இறங்கும்போது விமலன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "நாளைக்கு அங்க போறோம்னு எங்கிட்டக்கூடச் சொல்லலையே பாஸ்?"

"இப்ப சொல்லிட்டேன்."

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்து விட்டது. வானம் கழுவினதுபோல் ஆனது. ஊரே கதவைத் திறந்து வெளியே வந்து மூச்சு விட்டது. சாலையோரத்தில் கறியைக் குச்சியில் குத்திச் சுடும் சத்தே கடையில் விமலன் மூன்றாவது தட்டுக்குச் சொல்லிவிட்டு, "ஹேஸ் போயிருச்சு பாஸ், கேஸும் போயிருச்சு," என்றான்.

சீதாலெட்சுமி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். புகை தென்னை உயரம் ஏறியது. பிறகு, தலையில் ஏதோ தட்டின மாதிரி நின்றது. நின்று, பக்கவாட்டில் விரிந்து, கூரைகளுக்கு மேல் வெள்ளைத் துணி போலப் படுத்துக்கொண்டது. இலை அசையவில்லை.

"சோத்துப் பானைக்கு மூடி போட்டா ஆவி எங்கடா போவும்?"

"பானைக்குள்ளயே சுத்தும்."

"வானம் வெளுத்து, காத்தும் இல்லாத ராத்திரியில தரை சீக்கிரம் ஆறிப்போவும். தரையை ஒட்டி இருக்கிற காத்தும் ஆறிப்போவும். மேல இருக்கிற காத்து சூடாவே நிக்கும். அதான் மூடி. வெயில் வந்து தரையைச் சுட வைக்கிற வரைக்கும் அது தொறக்காது. புகை எவ்வளவுங்கிறது மட்டும் கணக்கு இல்ல விமலா. அது மேல மூடி இருக்கா, இல்லையா, அதான் ஆளைக் கொல்லுறது. அதே நெருப்பை மத்தியானம் மூட்டுனா வானத்துக்குப் போவும், ஊரே பாக்கும். விடியக்காலம் மூட்டுனா யார் கண்ணுக்கும் தெரியாது. படுத்துக்கிட்டே வந்து கீழ் வீட்டு ஜன்னல்ல நுழையும்."

விமலன் கையில் எடுத்த குச்சியைக் கீழே வைத்தான். "அப்ப மொட்டை மாடி மெஷினு..."

"பொய்யே சொல்லாது. அது மூடிக்கு மேல நிக்குது. அங்க காத்து பச்சைதான்."

"பாவம் பாஸ் அந்த மனுஷன். தெரியாமலே பச்சை காட்டி, கீழ இருக்கிறவங்களை..."

சீதாலெட்சுமி பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார். அன்று இரவு தலைக்கு மேல் அவ்வளவு நட்சத்திரம் தெரிந்ததை விமலன் வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பான்.

விடிவதற்கு முன் லொங்காங்கின் குறுக்கே இருந்த பலகைப் பாலத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் நடந்தார்கள். குளிர்ந்தது. செம்பனை மட்டைகளில் ஒரு சலனம் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. விமலன் வழக்கமாக இருட்டில் பேசிக்கொண்டே நடப்பவன்; இன்று அவன் குரல் அவனுக்கே வேண்டாததாக இருந்தது.

கொட்டகை காலி.

தரை கூட்டிப் பெருக்கியிருந்தது. மூலையில் கறுத்த மண். வாசலில் லோரி டயரின் தடம், ஈரம் காயாமல்.

"பறவை பறந்துருச்சு பாஸ். வீணா வந்தோம்."

"வீணா?" சீதாலெட்சுமி டார்ச்சைத் தடத்தின் மேல் ஓட்டினார். "நாம வர்றோம்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு. எனக்கு. அப்புறம்..."

"ரோசாக் ஆன டப்பாவுல லைட்டு எரியுமாடா? தூசியைப் பாத்துச் சொல்ல மேல ஒரு மெஷின் போதும். கீழ ஒரு தெர்மாமீட்டரு, மேல ஒரு தெர்மாமீட்டரு யாருக்கு வேணும்? கீழ குளிரு, மேல சூடுன்னா மூடி விழுந்துருச்சுன்னு அர்த்தம். அது எரிக்கிறவனுக்குத்தான் வேணும். ஊரெல்லாம் புது வயர் போடுறவரு, புடுங்குன பழைய வயரை எங்க போடுறாரு? பிளாஸ்டிக்கை எரிச்சா உள்ள செம்பு, வித்தா காசு."

"கமலநாதனா? அவரு அப்பா மாதிரின்னு அழுதாரே பாஸ்!"

"இராமலிங்கம் ரயில்ல சிக்னல் போட்ட மனுஷன். பச்சை காட்டுன அன்னிக்கெல்லாம் ஏன் ஆள் விழுதுன்னு அவரு யோசிக்காம இருப்பாரா? யோசிச்சதை யாருகிட்டப் போய்ச் சொல்லியிருப்பாரு? பாசமான செகரட்டரிகிட்டத்தான். அதுக்கப்புறந்தான் அந்தத் தனி போனு. ஜன்னலோரம் உக்காருங்கன்னு."

கத்தி இல்லை, விஷம் இல்லை. வானிலையைப் பார்த்து, நாள் பார்த்து, ஒரு மனிதனை ஜன்னலோரம் உட்காரச் சொன்னால் போதும்.

விமலனின் போன் சிணுங்கியது. பவுனம்மாள் அவனையும் பிளாட் குழுவில் சேர்த்துவிட்டிருந்தார். பச்சை வட்டம். சிரித்த முகம். 'இன்று காற்று மிக நன்று. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.'

"இன்னிக்குமா?" என்றான். "இங்கதான் ஒண்ணும் எரியலையே."

சீதாலெட்சுமி சட்டென்று மூக்கை உயர்த்தினார். வயர் பொசுங்கும் நாற்றம். மரங்களின் இடைவெளியில் பிளாட் தெரிந்தது. அதன் காலடியில் பால் கொட்டினது போல வெள்ளையாக ஏதோ பரவிக்கொண்டிருந்தது. முதல் மாடி ஏற்கெனவே மறைந்துவிட்டது.

"ஐயோ," என்றார். அந்தக் குரலை விமலன் அதற்கு முன் கேட்டதில்லை. "நாம வர்றோம்னா இன்னிக்கு எரிக்க மாட்டான்னு நெனைச்சேன். தடயத்தை அழிக்கணும்னு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய் லொங்காங் கரையில கொளுத்திட்டான். பிளாட்டுக்கு நேர் பின்னால. என்னோட தப்பு. ஓடு!"

ஓடினார்கள். ஓடிக்கொண்டே அவர் போலீஸையும் ஆம்புலன்ஸையும் கூப்பிட்டார். பலகைப் பாலத்தில் ஏறும்போதே விமலனின் கண்ணில் நீர் கட்டியது. கரையில் ஒரு லோரி பின்சக்கரம் சேற்றில் புதைய உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பு வயர்க் குவியல் நெருப்பைவிடப் புகையையே அதிகமாகக் கக்கியது. லோரிக்காரன் இவர்களைக் கண்டதும் கதவைத் திறந்து குதித்து, முழங்கால் சேற்றில் மாட்டி நின்றான்.

"அவனை விடு, அவன் எங்கயும் போவ முடியாது. வீடுங்களைப் பாரு!"

பிளாட்டில் யாரோ தீ மணியை அடித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போனது. மணி கேட்டால் கீழே இறங்கித் திடலுக்கு ஓட வேண்டும் என்றுதான் எல்லாரும் பழகியிருந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தூக்கம் கலையாமல், படி வழியாகக் கூட்டமாக இறங்கி வெள்ளைக்குள் வந்து விழுந்தார்கள். அங்கங்கே உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தார்கள்.

"கீழ வராதீங்க! மேல போங்க!" சீதாலெட்சுமி கத்தினார். அந்த மெல்லிய குரல் மணிச் சத்தத்தில் மூழ்கியது.

விமலன் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் ஏறி நின்றான். கேட்காமலே கத்துகிற தொண்டை முதல் முறையாகத் தேவைக்குக் கத்தியது. "மேல போங்க! நாயெக் அத்தாஸ்! நாயெக்! அண்ணே, புள்ளைய லிப்டுல ஏத்துங்க! நெருப்பு உள்ள இல்ல, புகை கீழதான்! மேல நல்ல காத்து!"

முதலில் யாரும் நம்பவில்லை. பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு அந்த மலாய்க்கார அம்மா, நேற்றுப் படியில் இருமியவர், பேரனை இழுத்துக்கொண்டு மேலே திரும்பினார். அவரைப் பார்த்து நாலு பேர். பிறகு கூட்டம் ஆறு மாதிரி திசை மாறியது.

பவுனம்மாளின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விமலன் தோளால் மோதினான். இரண்டாவது மோதலில் தாழ் பெயர்ந்தது. ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அவர் கணவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். கையில் போன், அதில் பச்சை வட்டம்.

"இன்ஹேலர் எங்கம்மா? இதோ. இழுங்க. இன்னொரு தடவ. பேசாதீங்க, நானே எல்லாருக்கும் சேத்துப் பேசுறேன்." நாற்காலியோடு அவரைத் தூக்கினான். லிப்டில் இருந்தவர்கள் இடம் விட்டார்கள். பதின்மூன்றுக்கு விரல் தானாகப் போனது.

கதவு திறந்ததும் வந்த காற்று, மழை முடிந்த காலையின் காற்று. சுத்தமாக, குளிர்ச்சியாக. அதுவே விமலனுக்குப் பயமாக இருந்தது. காலுக்குக் கீழே ஓர் ஊர் மூச்சுத் திணறும்போது இங்கே இவ்வளவு நல்ல காற்று எப்படி இருக்க முடியும்?

கமலநாதனின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடையில் உட்கார்ந்த குழந்தைகளையும் கிழவர்களையும் அவர்தான் உள்ளே அழைத்துச் சோபாவில் சாய்த்து, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். சிலர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

விமலன் அவரை நோக்கி ஓர் அடி வைத்தான். சீதாலெட்சுமி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"பொறு."

"எதுக்கு பாஸ்?"

"வெயிலுக்கு."

அவர் பவுனம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கமலநாதன் ஒரு டம்ளரை நீட்டினார். பவுனம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீ நல்லாருக்கணும் தம்பி. அவரும் அன்னிக்குக் கடைசியா ஒன் பேச்சைத்தான் கேட்டாரு."

கமலநாதனின் கண் கீழே போயிற்று.

போர்ட் கிள்ளான் பக்கம் வரைக்கும் வானம் வெளுத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே வெள்ளை அப்படியே, தட்டையாக, ஏரி உறைந்து கிடந்ததுபோல் இருந்தது. சூரியன் தோட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. முதல் வெயில் திடலில் விழுந்தது. ஹாலில் அத்தனை பேரும் அந்த ஒளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். விடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்பதுபோல.

கமலநாதன் பேச்சை நடுவில் விட்டார். எழுந்தார். பெரிய ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அடுத்ததையும் சாத்தினார். சமையலறைக்குப் போய் அங்கேயும் கொக்கி விழும் சத்தம் கேட்டது. பல் துலக்குகிறவன் யோசித்தா துலக்குகிறான்? அப்படி, தினமும் செய்து கை பழகிய வேகத்தில்.

திரும்பி வந்தபோது பவுனம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி. இப்பத்தானே எங்களையெல்லாம் தொறக்கச் சொல்லி மெசேஜ் போட்ட?"

"ஆமாங்க, அது வந்து..."

"நல்ல காத்து வருது. நீ ஏன் மூடுற?"

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே அது தெரிந்தது. வெயில் தரையைத் தொட்டதும் மூடி விலகி, வெள்ளை ஏரி புரண்டு எழுந்து, மாடி மாடியாக மேலே ஏறி வந்தது. எட்டாம் மாடி. பத்தாம் மாடி. பிறகு இந்தக் கண்ணாடியில் வந்து முகம் பதித்து நின்றது.

"இது இப்ப மேல வரும்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது," என்றார் சீதாலெட்சுமி. "எனக்கு ஒரு யூகம் இருந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது சார்? எத்தனை காலையில இதே எடத்துல நின்னு பாத்தீங்க?"

வாசலில் பூட்ஸ் சத்தம். ஓர் இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் முழங்கால் வரை சேறோடு லோரிக்காரன் நாகையா. அவன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. பார்க்காமலே கையை நீட்டி, "இவருதான். மூடி விழுந்துருச்சுன்னு இவருதான் போன் பண்ணுவாரு," என்றான்.

"பெரியவர் சாவுறதுக்குன்னு நான் எரிக்கல," கமலநாதன் மெதுவாகச் சொன்னார். "அவரு மட்டும் சும்மா இருந்திருந்தா..."



பவுனம்மாள் எழுந்தார். விமலன் பிடிக்கப் போனான்; கையை விலக்கிவிட்டார். இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி ஜன்னலை நோக்கி நடந்தார். கொக்கியின் மேல் கை வைத்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் புகை காத்துக்கொண்டு நின்றது. கமலநாதன் தன்னையறியாமல் சுவரோடு பின்வாங்கினார்.

பவுனம்மாள் திரும்பி ஹாலைப் பார்த்தார். சோபாவில் மலாய்க்கார அம்மாவின் பேரன் இன்ஹேலரைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கிடந்தான். பக்கத்தில் இன்னும் மூன்று குழந்தைகள்.

அவர் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"இது மூடியே இருக்கட்டும், புள்ளைங்க இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "இந்த ஆளை மட்டும் கீழ கூட்டிக்கிட்டுப் போங்க."